மணவறைக்கு வெளியே: மலேசிய, சிங்கைத் தமிழர் திருமணங்களும் இயல்புப் படங்களின் வரலாறும்

முன்னுரை

மலேசியத் தமிழர் இல்லங்களில் பேணப்படும் திருமணப் படத்தொகுப்புகளைப் புரட்டுவோர் ஒரு படத்தைப் பெரும்பாலும் தவறாமல் காண்பர். மணமகன் இரு கைகளாலும் தாலியை ஏந்தியிருப்பார். மணமகள் தலை குனிந்து அமர்ந்திருப்பாள். மணமகனின் பார்வையோ மணமகளின் மீதில்லாமல் எதிரே நிற்கும் கேமராவின் மீது பதிந்திருக்கும். கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்க, முகூர்த்த நேரம் கடந்துகொண்டிருக்க, நிழற்படக் கலைஞரின் சொல்லுக்காக அக்கைகள் ஒரு கணம் நின்றிருக்கின்றன. சடங்கு படத்திற்காகக் காத்திருந்ததன் சான்று அது.

அதே தொகுப்பின் இறுதிப் பக்கங்களிலோ, தொகுப்பில் இடம்பெறாமல் உறையில் கிடக்கும் படங்களிலோ வேறொரு காட்சி தென்படுவதுண்டு. பந்தலின் பின்புறம் அடுப்பருகே ஆண்கள் அண்டாவைக் கிளறுகின்றனர். ஒரு மூதாட்டி தூணோரம் தனித்து அமர்ந்து மணவறையைப் பார்க்கின்றார். ஒரு சிறுவன் வாழையிலைக் கட்டின்மேல் உறங்குகின்றான். இவர்களுள் எவரும் கேமராவை நோக்கவில்லை. இன்று 'கேண்டிட்' என்று வழங்கப்படும் இவ்வகைப் படங்களை நாம் இக்கட்டுரையில் இயல்புப் படங்கள் எனக் குறிக்கின்றோம்.

இவ்விரு வகைப் படங்களும் எவ்வாறு தோன்றின, அவற்றின் பின்னே நின்ற தொழில்நுட்பக் காரணங்களும் சமூகக் காரணங்களும் யாவை, மலேசிய, சிங்கைத் தமிழரின் சமூக வரலாற்றை எழுதுவதற்கு அவை எவ்வாறு துணைபுரியும் என்பனவற்றை ஆராய்வதே நம் நோக்கமாகும். இயல்புப் படமே உண்மையானது, நிறுத்தி வைத்து எடுத்த படம் போலியானது என்னும் பரவலான கருத்து மறு ஆய்வுக்கு உரியது என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அசையாமை என்னும் கட்டாயம்

நிழற்படத்தின் முதல் அரை நூற்றாண்டில் மனிதர்கள் அசையாமல் நின்றதற்கு முதற்காரணம் வேதியியலே ஆகும். 1839ஆம் ஆண்டு பாரிசில் டாகெரின் முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில் அது சிங்கப்பூரை எட்டியது. 1843ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கு விடுதி நடத்தி வந்த துத்ரோன்குவா என்னும் பிரெஞ்சுக்காரர், இரண்டே நிமிடத்தில் ஒருவருடைய உருவத்தை எடுத்துத் தர இயலும் என்று செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். இரண்டு நிமிடம் என்பது அன்று வியப்புக்குரிய வேகம். அத்தனை நேரம் இமை கொட்டாமல் அமர்ந்திருப்பவருக்குப் புன்னகை என்பது எட்டாத ஒன்று.

1851இல் ஆர்ச்சர் கண்டறிந்த கொலோடியன் ஈரத்தகட்டு முறை அந்த நேரத்தைச் சில நொடிகளாகக் குறைத்தது. ஆயினும் தகட்டில் மருந்து பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். இருட்டறையையும் தண்ணீரையும் வேதிப்பொருள்களையும் சுமந்துகொண்டு திருமண வீட்டிற்குச் செல்வது எளிதன்று. எனவே மணமக்களே படமெடுக்கும் கூடத்திற்குச் செல்ல வேண்டியதாயிற்று. திருமணப் படம் என்பது திருமணத்தின் படமாக இல்லாமல், திருமணம் முடிந்தோரின் படமாகவே பிறந்தது எனலாம்.

இதற்கு அரச குடும்பமும் விலக்கன்று. விக்டோரியா அரசியாரின் திருமணம் 1840ஆம் ஆண்டு நடைபெற்றது. அந்நிகழ்வின் நிழற்படம் எதுவும் இல்லை. அவரும் ஆல்பர்ட் இளவரசரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று திருமணப் படமெனப் பலராலும் தவறாகக் கருதப்படுகின்றது. அது 1854இல், அதாவது 14 ஆண்டுகளுக்குப் பின், ரோஜர் ஃபென்டன் எடுத்தது. நிகழ்வுக்கும் படத்திற்கும் இடையிலான இத்தொலைவு நிழற்பட வரலாற்றில் நெடுங்காலம் நீடித்தது.

1871இல் மேடாக்ஸ் முன்வைத்த செலட்டின் உலர்தகட்டு முறையும், அதனை ஒட்டி வளர்ந்த தகட்டுத் தொழிற்சாலைகளும் ஈரத்தகட்டின் சுமையை நீக்கின. 1888இல் கோடாக் கேமராவும், 1900இல் ஒரு டாலர் விலையில் பிரவுனி கேமராவும் விற்பனைக்கு வந்தன. வெயிலில் நிற்போரை நொடிப்பொழுதில் படமெடுக்க இயன்றது. ஆனால் பந்தலின் நிழலிலும் கோயிலின் உள்மண்டபத்திலும் ஒளி போதவில்லை. 1887இல் செருமனியில் உருவான மக்னீசியத் தூள் வெளிச்சம் தந்ததோடு புகையையும் தீ விபத்து அச்சத்தையும் சேர்த்தே தந்தது. 1929-30இல் மின்விளக்குக் குமிழ் வந்த பின்னரே மணவறையின் அருகில் நின்று அச்சமின்றிப் படமெடுப்பது நடைமுறைக்கு வந்தது.

பெயரற்ற படங்களும் பெயருள்ள படங்களும்

அசையாமைக்கு வேதியியல் மட்டுமே காரணம் என்று முடிவு செய்துவிட்டால் வரலாற்றின் பாதியை இழந்துவிடுவோம். உலர்தகடும் விரைவான கேமராவும் வந்த பிறகும் நம் முன்னோர் நேரே நிமிர்ந்து, கேமராவை உற்று நோக்கியே நின்றனர். ஏன் என்னும் வினா எழுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத் தமிழர் நிழற்படத்திற்குள் நுழைந்த முறை இதற்கு விடை தரும். 1867இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட லாம்பர்ட் நிறுவனம், அன்றைய மலாயா நிழற்படத் தொழிலில் முதன்மை பெற்றது. அந்நிறுவனம் விற்ற படங்களுள் இங்கு வாழ்ந்த பல்வேறு இனத்தாரின் 'வகை மாதிரிகள்' அடங்கும். தமிழரும் அவ்வரிசையில் இடம்பெற்றனர். படத்தின் கீழே இனத்தின் பெயரோ தொழிலின் பெயரோ இருந்தது. மனிதரின் பெயர் இல்லை. இந்தியாவிலும் இதே காலத்தில், 1868க்கும் 1875க்கும் இடையில், இந்திய மக்களைச் சாதிகளாகவும் இனங்களாகவும் வகைப்படுத்திக் காட்டும் எட்டுத் தொகுதிகளை வாட்சனும் கேயும் பதிப்பித்தனர். தாம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை படத்தில் இருந்தோரிடம் இல்லை.

இப்பின்னணியில் வைத்து நோக்கினால், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயா நகரங்களின் ஸ்டூடியோக்களுக்குத் தாமே காசு கொடுத்துச் சென்ற தமிழ் மணமக்களின் படங்கள் வேறு பொருள் பெறுகின்றன. சீனரும் சப்பானியரும் நடத்திய அக்கூடங்களில் தூண்களும் படிக்கட்டுகளும் தீட்டிய திரையின் முன், பூச்சாடி வைத்த மேசையின் அருகில், தலைப்பாகையும் கோட்டும் பட்டுச் சேலையுமாக அவர்கள் நின்றனர். விறைப்பு எனச் சிலர் நகையாடும் அத்தோற்றம் ஒரு கோரிக்கையாகும். 'யாம் ஒரு வகை மாதிரி அல்லேம். எமக்குப் பெயர் உண்டு, குடும்பம் உண்டு' என்று அது கூறுகின்றது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியு, 1965இல் வெளியான நிழற்படம் பற்றிய தம் நூலில், பெயார்ன் வட்டார உழவர்களிடம் இதே பண்பைக் கண்டு எழுதினார். நேர்முகமாக நிற்பது தன் மதிப்பைக் காக்கும் செயல். பார்ப்பவருக்கு மரியாதை தந்து, தனக்குரிய மரியாதையைக் கேட்டுப் பெறும் செயல் என்பது அவர்தம் விளக்கத்தின் சாரம். தோட்டத் துரையின் முன் தலை நிமிராமல் நிற்கப் பழக்கப்பட்ட ஒருவர் கேமராவின் முன் நிமிர்ந்து நிற்பது எத்துணை பெரிய செயல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குடியேற்ற வரலாற்றோடும் இது தொடர்புடையது. மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. பின்னர் கங்காணி முறை மேலோங்கிப் பெண்களும் குடும்பங்களும் மிகுதியாக வந்தனர். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்கு வரும் உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. ஆண்கள் மட்டுமே பெரும்பான்மையாக வந்து திரும்பிய காலத்தில் இம்மண்ணில் திருமணங்கள் அரிது. மணமக்கள் படம் என்பது எனவே, 'இங்கேயே வாழப் போகின்றோம்' என்னும் முடிவின் ஆவணமும் ஆகும். 1942-43இல் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாதோருள் எத்தனையோ பேருக்கு ஒரு படம்கூட இல்லை என்பதை எண்ணுங்கால், எஞ்சியுள்ள ஒவ்வொரு படத்தின் அருமையும் நமக்குப் புலனாகும்.

பன்னிரண்டு படச் சுருள்

போருக்குப் பின் நிழற்படக் கலைஞர் திருமண வீட்டிற்கே வரலானார். அவர் கையில் இருந்தது பெரும்பாலும் மார்பளவில் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை வில்லைக் கேமரா. 1929இல் அறிமுகமான ரோலைஃப்ளெக்சும் அதன் வழிவந்த மலிவான கேமராக்களும் இவ்வகையின. ஒரு சுருளில் 12 படங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு குமிழ் எரிந்து தீரும். சுருளுக்கும் குமிழுக்கும் கழுவுவதற்கும் அச்சிடுவதற்கும் தனித்தனியே செலவு உண்டு.

இக்கணக்கே திருமணப் படத்தொகுப்பின் இலக்கணத்தை வகுத்தது. 12 படங்களில் எவை கட்டாயம் வேண்டும்? மணமகள் தனியாக, மணமகன் தனியாக, தாலி கட்டுதல், மாலை மாற்றுதல், அம்மி மிதித்தல், மெட்டி அணிவித்தல், பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், நண்பர்கள். இவற்றை எடுத்து முடிப்பதற்குள் இரு சுருள்கள் தீர்ந்துவிடும். அடுப்படியில் வேர்வை சிந்துவோருக்கும் தூணோர மூதாட்டிக்கும் அக்கணக்கில் இடமில்லை. வீணாகக்கூடிய ஒரு படத்தை எடுக்கும் துணிவு எவருக்கும் வரவில்லை. அதனாலேயே மணமகன் தாலியோடு நிறுத்தப்பட்டார்.

சடங்கு மாறியபோது இந்த இலக்கணமும் மாறியது என்பது குறிப்பிடத்தக்கது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வருகை தந்தார். அதன் பின் இங்கு வலுப்பெற்ற சீர்திருத்த இயக்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இதழும் புரோகிதரின்றி நடக்கும் திருமணங்களுக்கு ஆதரவு திரட்டின. அத்தகைய திருமணத்தில் தீவலம் இல்லை, அம்மி இல்லை. தலைவரும் வாழ்த்துரையும் ஒலிபெருக்கியும் மாலையும் உண்டு. எனவே படத்தின் உச்சக் கணமும் இடம்பெயர்ந்தது. ஒரு படத்தொகுப்பில் எது முழுப்பக்கம் பெறுகின்றது என்பதைக் கொண்டே அக்குடும்பத்தின் கொள்கைச் சார்பை ஓரளவு உய்த்துணரலாம்.

சட்டமும் இங்குக் கருதத்தக்கது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவில் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டமும் முசுலிம் அல்லாதார் திருமணங்களுக்கு ஒருதார முறையையும் பதிவையும் கட்டாயமாக்கின. அதற்கு முன் வழக்கப்படி நடந்த பல திருமணங்களுக்கு ஊராரின் நினைவும் அழைப்பிதழும் படமுமே சான்று. ஆதலின், தாலி கட்டும் கணம் ஐயத்திற்கிடமின்றித் தெளிவாகப் பதிவாக வேண்டும் என்னும் விருப்பத்தை வெறும் பகட்டு எனத் தள்ளிவிட இயலாது.

இயல்புப் படத்தின் வருகை

இயல்புப் படத்தின் பிறப்பிடம் திருமண வீடு அன்று, செய்தித்துறையாகும். 1925இல் லைக்கா என்னும் சிறு கேமரா லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமானது. திரைப்படச் சுருளைப் பயன்படுத்திய அதில் ஒரே முறையில் 36 படங்கள் எடுக்கலாம். அதே காலத்தில் பெர்லினைச் சேர்ந்த சட்டம் பயின்ற எரிக் சாலமன், எர்மனாக்சு என்னும் மற்றொரு சிறு கேமராவைக் கொண்டு, வெளிச்சக் குமிழ் ஏதுமின்றி, அரசியல் மாநாடுகளில் தலைவர்கள் களைத்தும் கொட்டாவி விட்டும் வாதிட்டும் இருந்த கணங்களைப் பதிவு செய்தார். அப்படங்களை வெளியிட்ட இலண்டன் இதழ் ஒன்று வழங்கிய சொல்லே 'கேண்டிட்' என்பது. யூதரான சாலமன் 1944இல் ஔசுவிட்சு வதைமுகாமில் உயிரிழந்தார். 1952இல் வெளிவந்த ஆன்றி கார்த்தியே பிரெசோனின் நூல், காட்சியும் பொருளும் ஒருங்கே கூடும் 'தீர்மானக் கணம்' என்னும் கருத்தைப் பரப்பியது.

இந்த அணுகுமுறையைத் திருமணத்திற்குக் கொண்டுசென்றோருள் அமெரிக்காவின் டெனிசு ரெஜி குறிப்பிடத்தக்கவர். 1980களில் அவர் திருமணத்தைச் செய்தியாளரின் கண்கொண்டு பதிவு செய்யும் முறையை வளர்த்தார். 1996 செப்டம்பரில் கம்பர்லாந்துத் தீவில் நடந்த இளைய ஜான் கென்னடியின் திருமணத்தில் அவர் எடுத்த படம் உலகெங்கும் பரவியது. சிறு மரத் தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது மணமகன் மணமகளின் கையில் முத்தமிடும் கணம் அது. பல குடும்பங்கள் அதுபோன்ற படத்தைக் கேட்கத் தொடங்கின.

நம் திருமணங்களில் இம்மாற்றம் எண்முறைக் கேமராவோடு விரைவு பெற்றது. 1980களில் வந்த வீடியோப் பதிவு ஏற்கனவே ஒரு வாயிலைத் திறந்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நாடாவுக்காக எவரும் முழு நாளும் நிமிர்ந்து நிற்க இயலாது. பந்தியில் உண்போரும் பேசிச் சிரிப்போரும் முதன்முதலில் அதிலேதான் மிகுதியாகப் பதிவாயினர். 1999இல் நிக்கான் டி1, 2003இல் கேனன் 300டி ஆகியவை வெளிவந்தன. சுருளின் செலவு மறைந்தது. 12 என்னும் எல்லை ஆயிரங்களாக விரிந்தது. 2007இல் வெளியான நிக்கான் டி3 போன்ற கேமராக்கள், கோயிலின் மங்கிய ஒளியிலும் விளக்கு வெட்டாமல் படமெடுக்க இடம் தந்தன. வெளிச்சம் வெட்டாததால் தாம் படமெடுக்கப்படுவதை மக்கள் உணரவில்லை. உணராததால் அவர்கள் இயல்பாக இருந்தனர். தொழில்நுட்பம் சமூக நடத்தையை மாற்றும் முறைக்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

எனினும் பழைய முறை அகன்றுவிடவில்லை. சென்னையிலும் கோலாலம்பூரிலும் ஒரே திருமணத்திற்கு இரு குழுவினரை அமர்த்தும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. ஒரு குழு மேடையில் ஏறுவோரை வரிசையாக நிறுத்திப் படமெடுக்கும். மற்றொன்று ஓரமாக நின்று இயல்புப் படங்களை எடுக்கும். உறவினர் ஒவ்வொருவரும் மணமக்களோடு நின்ற படம் இல்லையெனில் மனத்தாங்கல் வரும் என்பதைக் குடும்பத்தார் நன்கறிவர். பூர்தியு கூறிய மரியாதையின் இலக்கணம் நம்மிடையே இன்னும் உயிரோடு இருக்கின்றது.

இயல்புப் படம் காட்டும் சமூகம்

வரலாற்று மாணவருக்கு இயல்புப் படங்கள் தரும் செய்திகள் மூன்று வகையின எனக் கருதுகின்றோம்.

முதலாவது, உழைப்பு. மண்டபங்களும் ஒப்பந்தச் சமையல்காரர்களும் பெருகுவதற்கு முன், தோட்டத் திருமணம் என்பது லயத்தார் அனைவரின் கூட்டு முயற்சியாகும். பந்தல் போடுவோர், தேங்காய் துருவுவோர், இலை போடுவோர், தண்ணீர் சுமப்போர் என ஒவ்வொருவரும் ஒரு பங்கேற்றனர். மணவறைப் படத்தில் இவர்கள் இல்லை. உறவினர் ஒருவர் தம் சொந்தக் கேமராவால் எடுத்த, குவியம் சரியில்லாத படத்தில் இவர்கள் இருக்கின்றனர்.

இரண்டாவது, விலக்கு. கைம்பெண்கள் மங்கலச் சடங்குகளில் முன்னே வரலாகாது என்னும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. மகளைத் தனியே பால்மரம் வெட்டி வளர்த்த தாயாயினும், கணவரை இழந்தவர் என்றால் தாலி கட்டும் நேரத்தில் அவர் பின்னே ஒதுங்கி நின்றார். நிறுத்தி எடுத்த படங்கள் இவ்விலக்கைக் காட்டமாட்டா. அவை அவரையே காட்டமாட்டா. மண்டபத்தின் கடைசியிலிருந்து எடுத்த ஓர் இயல்புப் படத்தில் அவர் நின்ற இடமும், மணவறைக்கும் அவருக்கும் இடையிலான தொலைவும் பதிவாகியிருக்கும். அத்தொலைவு ஒரு சமூக உண்மையாகும். இன்று பல குடும்பங்களில் அன்னையரே முன்னின்று மகளைக் கையளிக்கின்றனர். இம்மாற்றத்தை எந்தச் சட்ட நூலும் பதிவு செய்யவில்லை.

மூன்றாவது, இடம். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். அடுத்து வந்த பத்தாண்டுகளில் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகவும் நகரங்களாகவும் மாறின. 1921இல் தொடங்கிய பெராங் பெசார் தோட்டத்தின் நிலத்தில்தான் 1995 முதல் புத்ராஜெயா நகரம் எழுந்தது. இவ்வாறு மறைந்த தோட்டங்களின் லயங்களையும் கோயில்களையும் எவரும் திட்டமிட்டுப் படமெடுத்து வைக்கவில்லை. ஆனால் அங்கே நடந்த திருமணங்களின் படங்கள் உண்டு. மணமகளின் தோளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் லயத்தின் தகரக் கூரையும், தண்ணீர்க் குழாயும், கோயில் முகப்பும் எடுத்தவர் கருதாமலே பதிந்த வரலாறாகும்.

இயல்பும் இசைவும்

இயல்புப் படத்தின் சிறப்பை இவ்வாறு எடுத்துரைத்தபோதும் அதன் குறைகளையும் சுட்ட வேண்டும். படமெடுக்கப்படுவதை அறியாதவர் இசைவு தந்தவர் ஆகார். கன்னிகாதானத்தின்போது தேம்பும் தந்தையின் முகம், உண்ணும்போது பிடிபட்ட முதியவரின் தோற்றம், பிறர் அறியக் கூடாத ஒரு குடும்பச் சச்சரவு ஆகியவை அழகிய படங்களாக அமையலாம். அவை அம்மனிதர் விரும்பும் தோற்றங்கள்தாமா? ஒரு காலத்தில் கேட்காமலே படமெடுக்கப்பட்டு வகை மாதிரியாக விற்கப்பட்டவர்களின் வழிவந்தோர் நாம். இவ்வினா நமக்குக் கூடுதலாக உறைக்க வேண்டும்.

இயல்பும் ஒரு பாவனையாகிவிட்டது என்பது மற்றொரு குறை. 'கேமராவைப் பார்க்காமல் சிரியுங்கள்' என்று மணமக்களிடம் கூறி எடுக்கும் படங்கள் மிகுந்துவிட்டன. நேரே பார்த்து நின்ற தாத்தாவின் படம், தான் நிறுத்தி எடுக்கப்பட்டது என்பதை மறைக்கவில்லை. அவ்வகையில் அது நேர்மையானது. இன்றைய 'இயல்பு' சில வேளைகளில் தன் ஏற்பாட்டை மறைக்கின்றது. ஆகவே இரண்டு வகைப் படங்களையும் ஒரே அளவு ஐயத்தோடும் ஒரே அளவு மதிப்போடும் அணுகுவதே ஆய்வாளருக்கு ஏற்ற நெறியாகும். முதல் வகை அக்குடும்பம் தன்னை எவ்வாறு காட்ட விரும்பியது என்பதைக் கூறும். இரண்டாம் வகை அவ்விருப்பத்திற்குள் அடங்காதவற்றைக் கூறும்.

படங்களை வாசிக்கும் முறை

திருமணப் படங்களைத் தனித்து நோக்காமல் வேறு இரு ஆவணங்களோடு இணைத்து வாசிக்க வேண்டும் என்பது நம் பரிந்துரையாகும். அவை அழைப்பிதழும் மொய்க் குறிப்பேடும் ஆகும். அழைப்பிதழ் நாளையும் முகூர்த்தத்தையும் இரு வீட்டாரின் பெயர்களையும் தோட்டத்தையும் தரும். மொய்க் குறிப்பேடு, வந்தவர் எவர், எவ்வூரார், எவ்வளவு அளித்தார் என்பதைத் தரும். படத்தில் முகம் உண்டு, பெயர் இல்லை. குறிப்பேட்டில் பெயர் உண்டு, முகம் இல்லை. இரண்டையும் முன்னே வைத்துக்கொண்டு ஒரு பாட்டியாரிடம் அரை மணி நேரம் பேசினால் ஒரு தோட்டத்தின் உறவுமுறை வரைபடமே உருவாகிவிடும்.

வினாக்களும் எளியவை. நடு நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தாய்மாமனா, கிராணியா, துரையா? பெண்கள் எந்தப் பக்கம் நிற்கின்றனர்? தரையில் அமர்ந்திருப்போர் யார்? பக்கத்து வீட்டுச் சீனரும் மலாய்க்காரரும் எங்கே நிற்கின்றனர்? படத்தை எடுத்தவர் யார், எங்கிருந்து எடுத்தார்? இவ்வினாக்களுக்கு விடை கூறக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

படங்களும் அழிந்து வருகின்றன. நம் தட்பவெப்பத்தின் ஈரப்பதத்தில் பூசணம் விரைவில் படர்கின்றது. 1970களின் வண்ணப் படங்களில் சாயங்கள் சமமின்றி மங்குவதால் பல செந்நிறமாகிவிட்டன. கருப்பு வெள்ளைப் படங்கள் அவற்றினும் உறுதியாக நிற்கின்றன. பசை பூசிய பக்கங்களில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய தொகுப்புகள் படத்தைக் காப்பதற்கு மாறாக அரிக்கின்றன. எண்முறைப் படங்களும் பாதுகாப்பானவை அல்ல. 12 படங்களைப் பெற்ற தலைமுறை அவற்றை 60 ஆண்டுகள் காத்தது. மூவாயிரம் படங்களைப் பெற்ற தலைமுறை, பழுதான ஒரு வன்தட்டோடு அனைத்தையும் ஒரே நாளில் இழக்கின்றது.

முடிவுரை

அசையாமல் நிற்க வேண்டிய கட்டாயத்தில் தொடங்கி, மதிப்போடு நிற்கும் உரிமையாக வளர்ந்து, நிற்காமலே பதிவாகும் நிலையை எட்டிய வரலாறு இது. ஒவ்வொரு கட்டத்திலும் வேதியியலும் செலவுக் கணக்கும் சட்டமும் சமூக மதிப்பீடுகளும் ஒருங்கே செயல்பட்டுள்ளன. மலேசிய, சிங்கைத் தமிழரின் வரலாறு இதுவரை பெரும்பாலும் குடியேற்ற அறிக்கைகளையும் தொழிற்சங்கப் பதிவுகளையும் செய்தித்தாள்களையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றில் தமிழர் எண்ணிக்கையாகவும் சிக்கலாகவும் தென்படுகின்றனர். திருமணப் படங்களிலோ அவர்கள் மனிதர்களாகத் தென்படுகின்றனர்.

1957இல் தோன்றிய மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமும், 2015இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் போன்ற அமைப்புகள் பொது நினைவைப் பேணுகின்றன. எனினும் ஒவ்வொரு வீட்டின் அலமாரியையும் எந்த அமைப்பும் திறந்து பார்க்க இயலாது. அப்பணி குடும்பத்தாருக்கும், குறிப்பாக இத்துறையில் பயிலும் மாணவர்களுக்கும் உரியது. செய்ய வேண்டியது பெரிதன்று. பசைத் தொகுப்பிலிருந்து படத்தைப் பையக் கழற்றி, மென்மையான பென்சிலால் அதன் பின்புறத்தில் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை எழுதி, நகலெடுத்து, இரண்டு இடங்களில் வைத்தால் போதும். தூணோரம் அமர்ந்திருக்கும் அம்மூதாட்டியின் பெயரை அறிந்த ஒருவர் இன்னும் அவ்வீட்டில் இருக்கக்கூடும். அவரிடம் கேட்டு எழுதிவைக்கும் வரை அவரும் லாம்பர்ட் விற்ற படங்களில் இருந்தோரைப் போலப் பெயரற்றவராகவே இருப்பார்.